இரண்டு கும்பெல்களும் சயானின் மழையும்

பெரும்பாலான ஆண்டுகளில் ஆடி மாதம் முடிவதற்குள் சயானுக்கும் குர்லாவுக்கும் இடையே தண்டவாளம் ஒருமுறையேனும் நீரில் மூழ்கிவிடுகிறது. மழை சற்றுக் கூடுதலாகப் பெய்துவிட்டால், ‘நூறாண்டுக்கு ஒருமுறை பெய்யும் மழை’ என்ற தொடர் அன்றைய மாலைச் செய்திகளில் தவறாமல் வந்துவிடும். 2005 ஜூலை 26-க்குப் பின் மும்பையிலும், 2015-க்குப் பின் சென்னையிலும், 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. பெய்தபின் தாமிரபரணிக் கரையிலும் இத்தொடர் பொதுவழக்காகவே ஆகிவிட்டது. தாராவி, சயான், மாதுங்காப் பகுதித் தமிழர்களில் கணிசமானோர் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களை வேராகக் கொண்டவர்கள். பிழைக்க வந்த ஊரிலும் பிறந்த ஊரிலும் அவர்கள் ‘நூறாண்டு மழை’யைக் கண்டுவிட்டார்கள், பதினெட்டு ஆண்டு இடைவெளியில்.

இத்தொடருக்குக் கறாரான கணிதப் பொருளைத் தந்தவர் எமில் யூலியஸ் கும்பெல் (1891–1966). நீரியல் பயிலும் பொறியியல் மாணவர் எவரும் ‘கும்பெல் பரவல்’ என்ற பெயரைச் சந்திக்காமல் தேர்வு எழுத முடியாது. ஆனால் அப்பெயருக்குரியவர் வைமார் ஜெர்மனியில் அரசியல் கொலைகளை ஒவ்வொன்றாக எண்ணி அச்சிட்டவர் என்பதும், ஜெர்மன் வலதுசாரிகளின் கடும் வெறுப்புக்கு ஆளான பேராசிரியர் என்பதும் பாடநூல்களில் இல்லை. மறுபக்கம், வரலாற்றாசிரியர்களுக்கு அவர் ஓர் அமைதிவாதி. வெள்ளக் கணிதம் அவர்களுக்கு ஓர் அடிக்குறிப்பு. ஆர்தர் பிரென்னர் 2001-இல் வெளியிட்ட நல்ல வாழ்க்கை வரலாற்றின் தலைப்பிலேயே ‘அமைதிவாதி’, ‘பேராசிரியர்’ என்ற சொற்கள் உள்ளன; கணிதம் இல்லை. இப்படி இரண்டு கும்பெல்கள் தனித்தனியே உலவுகிறார்கள். அவர்களைப் பிரித்து வைத்ததால் இழப்பு வரலாற்றுத் துறைக்கு மட்டுமல்ல, மும்பையின் வடிகால்களுக்கும் உண்டு என்பதே இப்பதிவின் வாதம்.

கும்பெல் மியூனிக் நகரில் ஒரு யூத வங்கியாளர் குடும்பத்தில் பிறந்தார். கணிதமும் பொருளியலும் பயின்று, மக்கள்தொகைப் புள்ளியியலில் 1914-இல் முனைவர் பட்டம் பெற்றார். சில நாள்களிலேயே உலகப் போர் வெடித்தது. தன்னார்வலராகப் படையில் சேர்ந்தவர், போரைக் கண்டபின் அதன் எதிர்ப்பாளராகத் திரும்பினார். ஐன்ஸ்டீன் உறுப்பினராக இருந்த அமைதி இயக்கத்திலேயே தாமும் இணைந்தார்.

போர் முடிந்ததும் ஜெர்மனிக்குள் கொலைகள் தொடங்கின. 1919 ஜனவரியில் ரோசா லக்சம்பர்க்கும் கார்ல் லீப்னெக்டும் கொல்லப்பட்டனர். 1922 ஜூனில் வெளியுறவு அமைச்சர் வால்டர் ராதெனாவ் சுடப்பட்டார். இப்பெயர்கள் உலகறிந்தவை. இவற்றுக்கிடையே கொல்லப்பட்ட நூற்றுக்கணக்கான தொழிலாளரும் ஊர்ப்புறத்தாரும் எந்தக் கணக்கிலும் இல்லை. ‘இரு தரப்பிலும்தான் வன்முறை’ என்ற பொதுப்பேச்சு அவர்களை மூடிவிட்டது. கும்பெல் அந்தப் பேச்சை ஒரு புள்ளியியல் கூற்றாக எடுத்துக்கொண்டு சோதித்தார். 1921-இல் ‘ஈராண்டுக் கொலைகள்’, 1922-இல் ‘அரசியல் கொலையின் நான்காண்டுகள்’ எனப் பொருள்படும் இரு நூல்கள் வந்தன.

இந்நூல்களின் சிறப்பாக எனக்குத் தோன்றுவது அவற்றின் வரையறை. உள்நாட்டு அரசியல் நோக்குடன், ஒரு ஜெர்மானியர் பெயர் சுட்டத்தக்க மற்றொரு ஜெர்மானியரைத் திட்டமிட்டுச் சட்டவிரோதமாகக் கொன்ற நிகழ்வுகளை மட்டுமே அவர் எடுத்துக்கொண்டார். தெருச் சண்டையில் இறந்தோரையும் கூட்டத்தின் வெறியில் இறந்தோரையும் சேர்க்கவில்லை. சேர்த்திருந்தால் எண் பெருகியிருக்கும், வாதம் தளர்ந்திருக்கும். தமக்கு உவப்பான இடதுசாரிகள் செய்த கொலைகளையும் அதே அளவுகோலில் எண்ணினார். கிடைத்த எண்கள்: வலதுசாரிகள் செய்தவை 354, இடதுசாரிகள் செய்தவை 22. வலதுசாரிகளின் 354-இல் 326 தண்டனையின்றிப் போயின. இடதுசாரிகளின் 22-இல் தண்டனையின்றிப் போனவை நான்கே. ஒரு கொலைக்குச் சராசரிச் சிறைவாசம் வலதுசாரிக்கு நான்கு மாதம், இடதுசாரிக்குப் பதினைந்து ஆண்டு. அதற்கு மேல், இடதுசாரிகள் பத்துப் பேருக்கு மரண தண்டனை.

இதில் உயர்கணிதம் ஏதும் இல்லை. எண்ணுதலும் வகுத்தலும்தாம். ஆனால் இந்த அட்டவணையை எவராலும் மறுக்க முடியவில்லை. நீதியமைச்சர் குஸ்தாவ் ராட்புரூக் விசாரணைக்கு உத்தரவிட்டார். அமைச்சகம் தயாரித்த அறிக்கை கும்பெலின் தரவுகளைப் பெரும்பாலும் உறுதிசெய்தது. அரசு அதை அச்சிட முன்வரவில்லை. 1924-இல் கும்பெலே அதை வெளியிட்டார். தம் நூலைச் சோதித்த அரசு அறிக்கையைத் தாமே அச்சிட வேண்டிய நிலை வேறு எந்தப் புள்ளியியலாளருக்கு வாய்த்தது என்று எனக்குத் தெரியவில்லை.

1923 முதல் அவர் ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் கற்பித்தார். 1924-இல் ஒரு போரெதிர்ப்புக் கூட்டத்தில், போரில் மாண்டோர் ‘மானத்தின் களத்தில்’ மாண்டனர் என்ற வழக்கமான புகழுரையை அவர் கேள்விக்குள்ளாக்கியதற்குப் பல்கலைக்கழகம் ஒழுங்கு நடவடிக்கை எடுத்தது. இடையே மாஸ்கோ சென்று மார்க்ஸின் கணிதக் கையெழுத்துப் படிகளில் பணியாற்றினார். 1930-இல் பேராசிரியர் பட்டம் கிடைத்ததும் நாஜி மாணவர் அமைப்பினர் பல்கலைக்கழகத்தைக் கலவரக் களமாக்கினர். ஐன்ஸ்டீன் ஆதரவாகக் குரல் கொடுத்தும் பயனில்லை. போரின் நினைவுச் சின்னமாகப் பெண் சிலையைவிட, பஞ்ச காலத்தில் மக்கள் உண்டு உயிர்வாழ்ந்த கோசுக்கிழங்கே பொருத்தம் என்ற பொருளில் அவர் பேசியது இறுதிச் சாக்காயிற்று. 1932 ஆகஸ்டில் கற்பிக்கும் உரிமை பறிக்கப்பட்டது. ஹிட்லர் ஆட்சிக்கு வந்தது 1933 ஜனவரியில். அதாவது அவரை வெளியேற்றியது ஒரு குடியரசுக் காலப் பல்கலைக்கழகம், தன் சொந்த விதிகளின்படி. பல்கலைக்கழக வரலாறு எழுதுவோர் இந்த ஐந்து மாத வேறுபாட்டைத் தாண்டிச் செல்லக் கூடாது. 1933-இல் அவர் நூல்கள் எரிக்கப்பட்டன. குடியுரிமை பறிக்கப்பட்டோரின் முதல் பட்டியலிலேயே அவர் பெயர் இருந்தது.

பாரிஸ் வழியாக அவர் லியோன் நகரம் சேர்ந்தார். நாற்பதைத் தாண்டிய, மொழி மாறிய, நாடற்ற ஒருவரிடமிருந்து அவருடைய மிகச் சிறந்த கணிதம் பிறந்தது அங்கேதான்.

அக்கணிதத்தின் வேரை மும்பைக்காரர்கள் எளிதில் புரிந்துகொள்ளலாம், ஏனெனில் அது பருத்தி நூலில் தொடங்குகிறது. ஒரு நூலிழையின் வலிமை எது? அதன் பல பகுதிகளுடைய வலிமையின் சராசரி அன்று. மிக நலிந்த பகுதி எங்கு அறுகிறதோ அதுதான் முழு இழையின் வலிமை. பரேல் ஆலைகளில் தறியருகே நின்றவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. மான்செஸ்டரில் பருத்தி ஆராய்ச்சியில் இருந்த டிப்பெட், ரொனால்ட் ஃபிஷருடன் இணைந்து 1928-இல் வெளியிட்ட கட்டுரை இவ்வகைக் கேள்விக்குப் பொதுவிடை தந்தது. மாறிகள் பலவற்றின் கூட்டுத்தொகை மணி வடிவ இயல்நிலைப் பரவலை நெருங்கும் என்பது மாணவர் அறிந்த மைய எல்லைத் தேற்றம். கூட்டுத்தொகையை விட்டுவிட்டு, அவற்றுள் மிகப் பெரியதை மட்டும் எடுத்தால்? அதற்கும் எல்லை வடிவம் உண்டு. அது மூன்றே வகை. முதல் வகையில் வால் விரைந்து தேயும். இரண்டாம் வகையில் வால் தடித்து நீளும். 1927-இலேயே மொரிஸ் ஃபிரெஷே அதைக் கண்டிருந்தார். மூன்றாம் வகைக்கு ஒரு முடிவெல்லை உண்டு. 1943-இல் சோவியத் கணிதவியலாளர் நெதென்கோ இதற்கு முழு நிறுவல் தந்தார்.

மிகப் பெரியதையும் மிகச் சிறியதையும் ஆராயும் இத்துறையைத் தமிழில் அறுதி மதிப்புப் புள்ளியியல் எனலாம். தேற்றங்கள் பிறருடையவை. அவற்றைக் கருவியாக்கி உலகின் முன் வைத்தவர் கும்பெல். மனித ஆயுளின் உச்சம் பற்றி 1937-இல் எழுதினார். பிறகு ஆறுகளுக்கு வந்தார். ரோன் ஆறு லியோன் நகரின் நடுவே ஓடுகிறது. 1940-இல் பிரான்ஸ் வீழ்ந்தபோது மீண்டும் அகதியாகி நியூயார்க் சென்றார். 1941-இல் வெள்ளப் பெருக்கின் மீள்வருகைக் காலம் பற்றிய ஆங்கிலக் கட்டுரை வெளிவந்தது. அமெரிக்கப் பொறியாளர்கள் 1914 முதலே இத்தகைய எண்களைக் கையாண்டனர். அனுபவ விதிகளாக இருந்தவற்றுக்கு அடித்தளம் இட்டது இக்கட்டுரை. 1953 முதல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பணியாற்றி, 1958-இல் தம் பெருநூலை வெளியிட்டார். போருக்குப் பின்னும் ஹைடல்பெர்க் அவரை மீண்டும் பணியில் அமர்த்தவில்லை. 1966 செப்டம்பரில் நியூயார்க்கில் காலமானார்.

மீள்வருகைக் காலம் என்பதை மாணவ நண்பர்களுக்காகச் சற்று விரித்துச் சொல்கிறேன். ஒவ்வோர் ஆண்டிலும் பெய்த மிகப் பெரிய ஒருநாள் மழையை மட்டும் எடுத்து வரிசைப்படுத்துகிறோம். இவை ஆண்டுப் பெருமங்கள். குறிப்பிட்ட ஓர் அளவை ஏதேனும் ஓர் ஆண்டின் பெருமம் தாண்டும் நிகழ்தகவு நூற்றில் ஒன்று என்றால், அவ்வளவின் மீள்வருகைக் காலம் 100 ஆண்டு. இவ்வாண்டு தாண்டிவிட்டது என்பதால் அடுத்த 99 ஆண்டுகளுக்கு விடுப்பு கிடைக்காது. முப்பது ஆண்டுக் கடன் முடிவதற்குள் அத்தகைய மழையை ஒருமுறையேனும் சந்திக்கும் நிகழ்தகவு ஏறத்தாழ 26 விழுக்காடு. நூறாண்டு வாழ்ந்தால் 63 விழுக்காடு, அப்போதும் உறுதியில்லை.

இக்கணக்கு இரண்டு நிபந்தனைகளில் நிற்கிறது: ஆண்டுகள் ஒன்றையொன்று சாராதவை; எல்லா ஆண்டுகளும் ஒரே பரவலிலிருந்து வருபவை. ஆண்டுப் பெருமங்களை அதற்கென அமைந்த வரைபடத்தாளில் குறித்தால், முதல் வகைப் பரவலுக்குப் புள்ளிகள் நேர்கோட்டில் அமையும். கோட்டைத் தரவுக்கு அப்பால் நீட்டினால் நூறாண்டு மழை, இருநூறாண்டு மழை எல்லாம் கிடைக்கும். அளவுகோல் ஒன்று போதும். உலகெங்கும் பொறியாளர்கள் இம்முறையை விரும்பியதற்கும், அளவுக்கு மீறி நம்பியதற்கும் காரணம் இந்த எளிமைதான்.

இனி மும்பை. 2005 ஜூலை 27 காலை 8.30-உடன் முடிந்த 24 மணி நேரத்தில் சாந்தாக்ரூஸ் நிலையம் 944 மி.மீ. பதிவுசெய்தது. அதே நேரத்தில் கொலாபாவில் 73 மி.மீ. அதே கொலாபா 1974 ஜூலையில் ஒரே நாளில் 575 மி.மீ. கண்டது. ஒரு நகரம், இரண்டு நிலையங்கள், ஒரே நாளில் பன்னிரண்டு மடங்குக்கும் மேலான வேறுபாடு. அவ்விரு நிலையங்களுக்கும் நடுவே இருக்கிறது சயான். மராத்தியில் ‘சீவ்’, பொருள் எல்லை. பம்பாய்த் தீவு முடிந்து சாஷ்டித் தீவு தொடங்கும் இடம். இன்று அந்த எல்லை மித்தி ஆற்றங்கரையில், தாராவியை ஒட்டிக் கிடக்கிறது. நகரின் நீண்ட மழைத் தொடர்கள் கொலாபாவும் சாந்தாக்ரூஸும்தாம். எல்லையில் வாழ்பவர் எந்தத் தொடரின்படி வாழ்கிறார் என்பது 2005-க்கு முன் எழுப்பப்படாத கேள்வி. நகரெங்கும் தானியங்கி மழைமானிகள் வைக்கப்பட்டது அதற்குப் பின்னரே.

சாந்தாக்ரூஸின் 2004 வரையிலான பெருமங்களில் நேர்கோடு வரைந்தால் 944 அக்கோட்டுக்கு வெகு தொலைவில், தாளுக்கே வெளியே விழும். ‘ஆயிரமாண்டு மழை, எவர் என்ன செய்ய முடியும்’ என்ற ஆறுதல் இங்கிருந்து பிறக்கிறது. ஆனால் அதே புள்ளியை மற்றொரு விதமாகவும் வாசிக்கலாம்: வால் நாம் நினைத்ததைவிடத் தடிமனானது. கிரேக்க நீரியலாளர் கௌட்சோயியானிஸ் 2004-இல், உலகின் மிக நீண்ட மழைப் பதிவுகளில் 169-ஐ ஆராய்ந்து, முதல் வகைப் பரவல் பெருமழையைக் குறைத்து மதிப்பிடுகிறது என்றும் இரண்டாம் வகையே பொருந்துகிறது என்றும் வாதிட்டார். மும்பை மூழ்கியது அதற்கடுத்த ஆண்டு. கும்பெலின் பெயர் தாங்கிய வளைவு தோற்ற இடத்தில் கும்பெலின் துறை தோற்கவில்லை. மூன்று வகைகளும் அவர் நூலிலேயே இருந்தன. எளிதானதை எடுத்துக்கொண்டது நாம்.

இரண்டாம் நிபந்தனையும் இங்கே உடைந்தது. மழை எப்படியிருப்பினும் வெள்ளம் ஒரே பரவலிலிருந்து வரவில்லை. மித்தியின் முகத்துவாரத்தில் சதுப்பை நிரப்பிப் பாந்த்ரா–குர்லா வணிக வளாகம் எழுந்தது. விமான நிலையம் ஆற்றை வளைத்து ஓடுபாதைக்கு அடியில் அனுப்பியது. 1970-இன் மித்தியும் 2005-இன் மித்தியும் வேறு வேறு ஆறுகள்.

வடிகால்களின் கதை இன்னும் வெளிப்படையானது. பழைய வடிகால்கள் மணிக்கு 25 மி.மீ. மழைக்கு, அதுவும் கடல் வற்றியிருக்கும் நேரத்தைக் கொண்டு வடிவமைக்கப்பட்டவை; பெய்வதில் பாதியை மண் உறிஞ்சிவிடும் என்பது கணக்கு. 1985 வெள்ளத்துக்குப் பின் அமர்த்தப்பட்ட ஆலோசகர்கள் 1993-இல் தந்த பிரிம்ஸ்டோவாட் அறிக்கை, 50 மி.மீ. என்றும், மண் எதையும் உறிஞ்சாது என்றும் வைத்துக்கொள்ளச் சொன்னது. அறிக்கை பெரும்பகுதி அலமாரியில் இருந்தபோது 2005 வந்தது. அன்று பிற்பகல் சாந்தாக்ரூஸில் ஒரு மணி நேரத்தில் 190 மி.மீ.; அதே பிற்பகலில் கடல் ஏற்றம் 4.48 மீட்டர். சயான், கிங்ஸ் சர்க்கிள், செம்பூர்ப் பகுதி நீரை இறைக்க வேண்டிய மாகுல் நீரேற்று நிலையம் அதன் பின்னரும் நெடுங்காலம் உப்பள நிலச் சிக்கலில் நின்றது.

இங்கு ‘கணக்கு தவறியது’ என்று முடித்துவிடலாம். நான் அப்படி நினைக்கவில்லை. மத்திய நகர்ப்புற வளர்ச்சி அமைச்சகத்தின் 1993-ஆம் ஆண்டுக் கழிவுநீர்க் கையேட்டில், வடிகால் எத்தனை முறை நிரம்பி வழியலாம் என்பதற்கு ஓர் அட்டவணை இருந்தது. குடியிருப்புகளில், நகரின் விளிம்புப் பகுதிகள் ஆண்டுக்கு இருமுறை. மையப் பகுதிகளும் ஒப்பீட்டளவில் விலையுயர்ந்த பகுதிகளும் ஆண்டுக்கு ஒருமுறை. வணிகப் பகுதிகளும் விலையுயர்ந்த பகுதிகளும் ஈராண்டுக்கு ஒருமுறை. நிலத்தின் விலை கூடக் கூட, வெள்ளத்தின் மீள்வருகைக் காலம் நீள்கிறது. (ஆண்டுப் பெருமங்களைக் கொண்டு செய்யும் கணக்கில் மீள்வருகைக் காலம் ஓராண்டுக்குக் குறையவே முடியாது. ‘ஆண்டுக்கு இருமுறை’ என்பது கும்பெலின் கருவிக்கே எட்டாத அளவு தாழ்ந்த தரம்.) பொருளியல் தருக்கம் புரியாமல் இல்லை: சேதத்தின் மதிப்பு கூடிய இடத்தில் காப்புக்குக் கூடுதல் செலவு செய்வது எங்கும் வழக்கம். ஆனால் சேதத்தை நில விலையால் அளப்பது என்பது ஒரு முடிவு. அதை எந்தப் பரவலும் தருவதில்லை. சயான் இதில் எந்த வரிசை, தாராவி எந்த வரிசை என்று கேட்டால் விடை வரைபடத்தாளில் கிடைக்காது. 2019-இல் மழைநீர் வடிகாலுக்கெனத் தனிக் கையேடு வந்து, இந்த இடைவெளிகள் நீட்டப்பட்டன. அதற்குள் கட்டப்பட்டவை பழைய அட்டவணையின் பிள்ளைகள்.

இந்த இடத்தில்தான் முதல் கும்பெல் தேவைப்படுகிறார். நான்கு மாதம், பதினைந்து ஆண்டு என்ற அவர் அட்டவணையும் ஆண்டுக்கு இருமுறை, ஈராண்டுக்கு ஒருமுறை என்ற கையேட்டின் அட்டவணையும் ஒரே வடிவம் கொண்டவை: ஒரே தீங்குக்கு, யாருக்கு நேர்ந்தது என்பதைப் பொறுத்து வேறு வேறு எண். அவர் தம் அட்டவணையை வரைந்தது அந்த வேறுபாட்டை அம்பலப்படுத்த. கையேடு வரைந்தது அதை விதியாக்க. கொலைக் கணக்கு அறுதி மதிப்புக் கோட்பாட்டின் ஒரு பயன்பாடு என்று நான் சொல்லவில்லை. அவரும் அப்படிச் சொன்னதில்லை. இரண்டிலும் பொதுவாக இருப்பது, சராசரியின் பேச்சை ஏற்காமல் வாலில் இருப்பவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, எதை எண்ணினேன், எதை விட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிடும் பழக்கம்.

இந்தியாவுக்கு இப்பழக்கம் அந்நியமானதும் அன்று. 1926-இல் ஒடிசாவின் பிராமணி ஆற்றில் வெள்ளம் வந்தபோது, ஆற்றுப்படுகை உயர்ந்துவிட்டது, கரைகளை உயர்த்த வேண்டும் என்று பொறியாளர்கள் கருதினர். மகலனோபிஸ் பல்லாண்டுத் தரவுகளை ஆராய்ந்து, படுகை உயர்ந்ததற்குச் சான்றில்லை, மேல்நீர்ப்பிடிப்பில் பெய்த கனமழையே காரணம் என்று காட்டினார். பணம் கொட்டுமுன் எண்ணிப் பார்த்த நிகழ்வு அது. ஒப்பிட்டால், 2005-இன் இறந்தோர் கணக்கே நமக்கு இன்னும் தெளிவாக இல்லை. மும்பையில் 419 பேர் என்பது பரவலாக மேற்கோள் காட்டப்படும் எண். வெள்ளத்தைத் தொடர்ந்த நோய்களில் மேலும் 216 பேர் என்பது அதனுடன் சில இடங்களில் சேர்கிறது, சில இடங்களில் சேர்வதில்லை. சேர்த்தால் ஒரு பேரிடர், சேர்க்காவிட்டால் மற்றொன்று. கும்பெலாக இருந்தால் இரண்டையும் தனித்தனி நெடுவரிசையில், பெயருடன், வசித்த தெருவுடன் அச்சிட்டிருப்பார். அந்த நெடுவரிசைகளை 1993 கையேட்டின் மூன்று வகுப்புகளுக்கு எதிரே வைத்துப் பார்க்கும் ஆய்வு, மாநகராட்சி வட்டப் பதிவேடுகளிலிருந்து தொடங்க வேண்டும்.